எம்மி நோதர் அம்மையார்

உலகில் மாறுவன பல, மாறாதன சில. மாறுவனவற்றைக் கண்கள் காணும். மாறாதனவற்றை அறிவு ஒன்றே காணவல்லது. பகல் இரவாகிறது, நீர் முகிலாகிறது, எரிந்த விறகு சாம்பலாகிறது. இத்துணை மாற்றங்களுக்கும் நடுவே கூடாமலும் குறையாமலும் நிற்கும் அளவுகள் சில உள்ளன. எரியும் விறகின் ஆற்றல் வெப்பமாகவும் ஒளியாகவும் வடிவு மாறுமேயன்றி அழிவதில்லை. இவ்வுண்மையை அறிவியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தனர். ஆயினும், ஆற்றல் ஏன் அழிவதில்லை என்னும் வினாவுக்கு நிறைவான விடை நெடுநாள் கிடைக்கவில்லை. அவ்விடையைக் கணிதத்தின் வாயிலாகக் கண்டு கூறியவர் ஒரு பெண்மணியார். அவர் கற்க விரும்பிய காலத்தில் கல்விக்கூடத்தின் கதவு அடைத்திருந்தது. கற்பிக்க விரும்பிய காலத்தில் ஊதியம் மறுக்கப்பட்டது. புகழ் கனிந்த காலத்தில் பிறந்த நாடே மறுக்கப்பட்டது. அவர்தாம் எம்மி நோதர் அம்மையார்.

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியாகிய பவேரியாவில் எர்லாங்கன் என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் எம்மி பிறந்தார். தந்தையார் மாக்ஸ் நோதர் என்பவர், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். தாயார் பெயர் இடா என்பதாகும். யூத மரபினராகிய இவ்விருவருக்கும் எம்மியே தலைமகளார். அவருக்குப் பின் தம்பியர் மூவர் பிறந்தனர்.

இளமையில் எம்மி தனிச் சிறப்பு எதுவும் உடையவராகக் காணப்படவில்லை. அக்காலத்துப் பெண்மக்கள் கற்ற மொழிகளையும், இசையையும், வீட்டு வேலைகளையும் அவரும் கற்றார். 1900-ஆம் ஆண்டில், பெண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்குரிய தேர்வில் தேறினார். மொழியாசிரியராக அமர்ந்து அமைதியாக வாழும் வழி அவர்முன் திறந்திருந்தது. ஆனால் அவர் உள்ளமோ தந்தையார் துறையாகிய கணிதத்தையே நாடிற்று. திறந்திருந்த வாயிலை விடுத்து, அடைத்திருந்த வாயிலை நோக்கி நடக்கலானார்.

அந்நாளில் அப்பல்கலைக்கழகத்தில் பெண்கள் முறைப்படி மாணவராகச் சேர இயலாது. பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இசைவு பெற்று, வகுப்பில் அமர்ந்து கேட்கலாம், அவ்வளவே. 986 மாணவர் பயின்ற அந்நிலையத்தில் அவ்வாறு கேட்கச் சென்ற பெண்கள் இருவர்; அவருள் எம்மி ஒருவர். இரண்டாண்டுகள் அங்ஙனம் கேட்டார். 1903-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகப் புகுமுகத்துக்குரிய தேர்வில் வென்று, கணிதத்திற்குப் பெயர்பெற்ற கோட்டிங்கன் நகரில் சில திங்கள் கேள்வி பெற்றார். 1904-ஆம் ஆண்டில் எர்லாங்கன் பல்கலைக்கழகம் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள இசைந்தது. உடனே எம்மி தம் ஊருக்குத் திரும்பி மாணவரானார். பவுல் கோர்டன் என்னும் பேராசிரியரின்கீழ் ஆராய்ந்து, 1907-ஆம் ஆண்டில் உயர் சிறப்புடன் முனைவர் பட்டம் பெற்றார். உருக்களை எவ்வாறு மாற்றினும் அவற்றுள் மாறாது நிற்கும் கோவைகளைப் பற்றியது அவ்வாராய்ச்சி. அத்தகையன 331-ஐக் கணக்கிட்டு அவர் வரிசைப்படுத்தியிருந்தார். பிற்காலத்தில் தம் முதல் நூலை அவரே மதித்தாரில்லை. வெறுங்கணக்கு அவர் அறிவுப் பசிக்குப் போதியதன்று. ஆயினும், மாற்றத்தினிடையே மாறாததைத் தேடும் நாட்டம் அந்நூலிலேயே முளைவிட்டது எனலாம்.

பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. 1908 முதல் 1915 வரை ஏழாண்டுகள், எர்லாங்கன் கணித நிலையத்தில் ஊதியம் ஒரு காசும் பெறாமல் அவர் உழைத்தார். தந்தையார் உடல் நலிந்த நாள்களில் அவருக்கு மாற்றாக நின்று பாடம் நடத்தினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வெளியிட்டார். அவர் அறிவின் திறம் மெல்ல மெல்லப் பிற ஊர்களிலும் தெரியலாயிற்று.

அம்மையாரின் பெரும்பணியை விளங்கிக்கொள்வதற்குச் சமச்சீர், குலம் என்னும் இரண்டு சொற்களின் பொருளை நாம் அறிதல் வேண்டும். சதுரமான பலகை ஒன்றைத் தரையில் வைத்து, அதனைச் சுற்றிக் கோடு வரைந்துகொள்வோம். பலகையைக் கால் வட்டம் திருப்பினால் அது மீண்டும் அக்கோட்டுக்குள் சரியாக அமையும். நாம் திருப்பியதைக் காணாத ஒருவர் வந்து நோக்கினால், பலகை அசைக்கப்பட்டதென்றே அறியார். அரை வட்டம், முக்கால் வட்டம் திருப்பினும் அவ்வாறே. மாற்றிய பின்னும் மாறாது தோன்றும் இவ்வியல்பே சமச்சீர் எனப்படும்.

இனி, அப்பலகையைக் கோட்டுக்குள் மீண்டும் பொருந்துமாறு எத்தனை வகையாக வைக்கலாம்? சும்மா விட்டுவைப்பதையும் சேர்த்துத் திருப்புவன நான்கு, புரட்டிப் போடுவன நான்கு, ஆக எட்டு. இவற்றுள் எவை இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும், விளைவது அவ்வெட்டனுள் ஒன்றாகவே இருக்கும். செய்த ஒன்றை மீட்டுப் பழைய நிலைக்குக் கொணரும் செயலும் அவ்வெட்டனுள்ளேயே உண்டு. இவ்வாறு தம்முள் நிறைவுற்ற தொகுதியைக் கணித நூலார் குலம் என்பர். பிறப்பால் பேசப்படும் குலத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. சமச்சீரை எண்ணி அளந்து கூறும் மொழியே இக்குலக் கணிதம். இதற்கு வித்திட்டவருள் தலையாயவர் பிரான்சு நாட்டுக் கலுவா என்னும் இளைஞர். 1832-ஆம் ஆண்டில், தம் இருபதாம் அகவையிலேயே மாண்டவர். நார்வே நாட்டுச் சோபசு லீ என்பார், வட்டத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புவதுபோல இடையறாது நிகழும் மாற்றங்களின் குலங்களை ஆராய்ந்தார். சதுரத்தைக் கால் வட்டம் திருப்பினால்தான் பொருந்தும். வட்டத்தையோ எவ்வளவு திருப்பினும் பொருந்தும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. வடிவ நூல் முழுவதையும் குலங்களைக்கொண்டே வகுக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டில் பீலிக்சு கிளைன் என்னும் அறிஞர் ஒரு திட்டம் வெளியிட்டார். அத்திட்டம் பிறந்த ஊரும் எர்லாங்கனே. பத்தாண்டுகளுக்குப் பின் எம்மி பிறந்ததும் அவ்வூரிலேயாம்.

அக்கிளைனும், அவரொத்த பெருங்கணிதராகிய டேவிட் ஹில்பர்ட்டும் 1915-ஆம் ஆண்டில் எம்மியைக் கோட்டிங்கன் நகருக்கு அழைத்தனர். அங்கே அவருக்கு விரிவுரையாளர் உரிமை பெற்றுத்தர முயன்றனர். ஆனால் பல்கலைக்கழகக் குழுவினர் பலர் தடுத்தனர். போர்க்களத்தினின்று மீளும் வீரர்கள் ஒரு பெண்ணின் அடியிலமர்ந்து பாடம் கேட்பதா என்பது அவர்தம் வாதம். தடுத்தவருள் முன்னின்றோர் மொழியும் வரலாறும் கற்பித்த பேராசிரியர்கள். மொழி கற்பித்து வாழ்ந்தவனாகிய யான் இதனை எழுதுங்கால் சிறிது நாணவே வேண்டியுள்ளது. கற்பிப்பவர் ஆணா பெண்ணா என்பது கல்வி நிலையத்திற்குப் பொருட்டன்று என ஹில்பர்ட்டு எவ்வளவோ எடுத்துரைத்தார், பயனில்லை. முடிவில் அவர் ஒரு வழி கண்டார். பாடங்கள் ஹில்பர்ட்டின் பெயரால் அறிவிக்கப்பெற்றன. பாடம் நடத்தியவர் எம்மி. நான்காண்டுகள் இங்ஙனமே நடந்தன. ஊதியமும் இல்லை, பெயரும் இல்லை. அம்மையார் அதுபற்றி மனம் கசந்தாரில்லை, கணிதத்தையே எண்ணிக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டில்தான் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கொள்கையை நிறைவு செய்தார். பொருள்களின் ஈர்ப்பை வெளியும் காலமும் வளைவதன் விளைவாக அது விளக்கியது. ஆனால் அக்கொள்கையில் ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. பழைய இயற்பியலில் தெளிவாக இருந்த ஆற்றல் அழிவின்மை விதி, புதிய கொள்கையில் பழைய வடிவில் நிற்கவில்லை. ஹில்பர்ட்டும் கிளைனும் இதனை ஆராய்ந்து, எம்மியின் துணையை நாடினர். அம்மையார் அந்த ஓர் இடர்ப்பாட்டை மட்டும் தீர்த்து அமையவில்லை. அதன் வேர்வரை சென்று, இயற்கை விதிகள் பலவற்றுக்கும் பொதுவானதோர் உண்மையைக் கண்டார். 1918-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவ்வாராய்ச்சியைக் கோட்டிங்கன் அறிவியற் கழகத்தின்முன் கிளைன் எடுத்து வைத்தார். அம்மையார் அக்கழகத்தில் உறுப்பினர் அல்லர்.

அவர் கண்ட உண்மை யாது? இயற்கையின் விதிகளைச் ‘செயல்’ எனப்படும் ஓர் அளவிலிருந்து வருவிப்பது இயற்பியலார் வழக்கம். அவ்வாறு வருவிக்கப்படும் விதிகளில் இடையறாது மாற்றத்தக்க சமச்சீர் எங்கே உண்டோ, அங்கே அழியாத அளவு ஒன்றும் உண்டு என்பதே அவர் நிறுவிய தேற்றம். அது இன்றும் நோதர் தேற்றம் என்றே வழங்குகிறது.

இதனை எடுத்துக்காட்டுகளால் தெளிவோம். இன்று ஓர் ஆய்வு செய்கிறோம். அதனையே நாளையும் செய்கிறோம். மற்றச் சூழல்கள் ஒத்திருப்பின், விளைவில் வேறுபாடு இராது. இயற்கையின் விதிகள் நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாக இல்லை. இது காலத்தைப் பொறுத்த சமச்சீர். இதிலிருந்து ஆற்றல் அழிவின்மை பெறப்படுகிறது. அவ்வாய்வை ஓரிடத்தில் செய்தாலும், பிறிதோர் இடத்தில் செய்தாலும் விதி ஒன்றே. இஃது இடத்தைப் பொறுத்த சமச்சீர். இதிலிருந்து உந்தம் அழியாமை பெறப்படுகிறது. அசையாது நிற்கும் படகிலிருந்து ஒருவர் கரைக்குத் தாவினால், படகு பின்னோக்கிச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். அவர் முன்னோக்கிப் பெற்ற உந்தத்திற்கு ஈடாகப் படகு பின்னோக்கி உந்தம் பெறுகிறது. இரண்டும் சேர்ந்த தொகை மாறுவதில்லை. இனி, ஆய்வுக் கருவியைக் கிழக்கு நோக்கி வைத்தாலும், வடக்கு நோக்கி வைத்தாலும் விதி மாறாது. இது திசையைப் பொறுத்த சமச்சீர். இதிலிருந்து கோண உந்தம் அழியாமை பெறப்படுகிறது. கைகளை விரித்துச் சுழலும் ஒருவர் அவற்றை உடலோடு ஒடுக்கியதும் மிகு விரைவாகச் சுழல்வது இதனாலேதான்.

தனித்தனியே மனப்பாடம் செய்த மூன்று விதிகள், ஒரே மரத்தின் மூன்று கிளைகளாயின. ஐன்ஸ்டைன் கொள்கையில் ஆற்றல் விதி ஏன் வேறு வடிவு கொள்கிறது என்பதற்கும் அக்கட்டுரையிலேயே விடை இருந்தது. அங்குள்ள சமச்சீர் மிகப் பரந்தது. வெளியின் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே மாற்றத்தக்கது. ஆதலின் அதனின்று பெறப்படும் விளைவும் வேறாயிற்று.

போர் முடிந்து, ஜெர்மனியில் முடியாட்சி வீழ்ந்து, குடியரசு தோன்றியபின் நிலைமை சிறிது மாறியது. 1919-ஆம் ஆண்டில் அம்மையார் தம் பெயராலேயே பாடம் நடத்தும் உரிமை பெற்றார். 1922-ஆம் ஆண்டில் பேராசிரியர் என்னும் பட்டப்பெயர் வந்தது, ஊதியம் வரவில்லை. அடுத்த ஆண்டில்தான் இயற்கணிதம் கற்பித்தற்கெனச் சிறு தொகை ஒன்று அளிக்கப்பெற்றது. அப்போது அவருக்கு அகவை நாற்பதைக் கடந்திருந்தது.

தேற்றத்திற்குப்பின் அவர் உள்ளம் இயற்கணிதத்தில் முழுதும் தோய்ந்தது. எண்களையும் கோவைகளையும் தனித்தனியே கணக்கிடுவதை விடுத்து, அவற்றின் அமைப்பை ஆராய்ந்தார். 1921-ஆம் ஆண்டில் வளையங்கள் எனப்படும் கணித அமைப்புகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அத்துறையையே புதுக்கியது. ஒரு வகை வளையங்கள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஒல்லாந்து, உருசியா, சப்பான், சீனம் முதலிய நாடுகளிலிருந்து இளைஞர்கள் அவரை நாடி வந்தனர். அவர் பேச்சு விரைவானது; மேடை நயம் அற்றது. முதல்முறை கேட்போர் திகைப்பர். தொடர்ந்து கேட்போர் பிரியார். மாணவர் புடைசூழ நெடுந்தொலைவு நடந்துகொண்டே கணிதம் பேசுதல் அவர் வழக்கம். தாம் கண்ட கருத்துகளை மாணவர்க்கு வாரி வழங்கினார். அவர்கள் அவற்றைத் தம் பெயரால் வெளியிட்டாலும் மகிழ்ந்தார். வான் டெர் வேர்டன் என்னும் மாணவர் 1930, 1931-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இயற்கணித நூல், அம்மையாரின் முறையை உலகெங்கும் பரப்பிற்று. 1932-ஆம் ஆண்டில் சூரிக் நகரில் கூடிய அனைத்துலகக் கணித மாநாட்டில் அவர் பேருரை நிகழ்த்தினார். அம்மாநாடுகளில் அத்தகைய பேருரை ஆற்றிய முதற்பெண்மணி அவரே.

புகழ் உச்சியை எட்டிய அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1933-ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களை அரசுப் பணியினின்று நீக்கும் சட்டம் ஏப்பிரல் திங்களில் பிறந்தது. மாக்ஸ் போர்ன் முதலிய பேரறிஞர்களுடன் எம்மி அம்மையாரும் விலக்கப்பட்டார். முன்னே பெண் என்று தடுத்தனர்; இப்போது யூதர் என்று துரத்தினர். அவர் அஞ்சவும் இல்லை, பழிக்கவும் இல்லை. தம் இல்லத்திற்கு மாணவர்களை அழைத்து அங்கேயே பாடத்தைத் தொடர்ந்தார். அவருள் ஒருவர் இட்லர் படையின் சீருடையுடனே வந்தமர்ந்தார். அவருக்கும் அம்மையார் முகம் சுளியாது கற்பித்தார். கற்க வந்தவர் யாவராயினும் மாணவரே என்பது அவர் கொள்கை போலும்!

அவ்வாண்டின் இறுதியில் அம்மையார் அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா மாநிலத்தில் பிரின் மார் என்னும் பெண்கள் கல்லூரி அவரை வரவேற்றது. 1934 முதல் பிரின்ஸ்டன் நகரத்து உயராய்வு நிலையத்திற்கும் சென்று விரிவுரையாற்றினார். ஆனால் அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1935-ஆம் ஆண்டு ஏப்பிரலில் வயிற்றுக் கட்டிக்காக அறுவை மருத்துவம் செய்துகொண்டவர், சில நாள்களில், அத்திங்கள் 14-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து மூன்று. கல்லூரி நூலகத்தை அடுத்த நடைவழியில் அவரது சாம்பல் அடக்கம் செய்யப்பெற்றது. ஐன்ஸ்டைன் நியூயார்க்கு நாளிதழுக்கு மடல் எழுதி அவர் மேதையைப் போற்றினார்.

அம்மையார் மறைந்தார், அவர் காட்டிய வழி மறையவில்லை. அழிவின்மை விதிகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. சில அணுக்கருக்கள் சிதையும்போது ஆற்றலில் ஒரு பகுதி காணாமற்போவதுபோலத் தோன்றிற்று. விதியே பொய்யோ எனச் சிலர் ஐயுற்றனர். 1930-ஆம் ஆண்டில் பவுலி என்னும் அறிஞர், கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத துகள் ஒன்று அவ்வாற்றலைக் கொண்டு செல்கிறது எனக் கருதினார். 1956-ஆம் ஆண்டில் அத்துகள் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவே நியூட்ரினோ. குலக் கணிதத்தின் ஆற்றலுக்கு மற்றொரு சான்றும் உண்டு. அணுவினுள் நுண்துகள்கள் பல கண்டறியப்பட்டு ஒழுங்கின்றிக் கிடந்தபோது, 1961-ஆம் ஆண்டில் கெல்மன், நேமான் என்னும் இருவர், தனித்தனியே ஆராய்ந்து, ஒரு குலத்தின் வரிசையில் அவற்றை அமைத்தனர். பத்துத் துகள்கள் இருக்கவேண்டிய ஒரு வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது. அங்கே இருக்கவேண்டிய துகளின் இயல்புகள் முன்னரே கூறப்பட்டன. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் அத்துகள் அகப்பட்டது. பலகையைத் திருப்பி நாம் கண்ட அதே கணிதம், எவரும் காணாத பொருளை முன்னறிந்து கூறும் அளவிற்கு வளர்ந்துவிட்டது.

ஆதலின், இன்று அடிப்படை இயற்பியலைக் கற்கப் புகுவோர் விதிகளை ஒவ்வொன்றாக மனத்தில் அடுக்குவதோடு நிற்பதில்லை. எதனை மாற்றினும் இது மாறாது நிற்கும் என்பதை முதலில் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை தெரிந்தால், விதிகள் பல தாமே வெளிப்படுகின்றன. மாணவர்களே, நீங்களும் கற்கும்பொழுது இவ்வினாவைக் கைக்கொள்ளுங்கள். கற்கும் சுமை குறையும்; கற்றதன் பொருள் விளங்கும்.

இயற்கையின் விதிகள் இடம் பார்ப்பதில்லை, காலம் பார்ப்பதில்லை, திசை பார்ப்பதில்லை. தம்மைக் காண்பவர் ஆணா பெண்ணா என்றும், எம்மரபினர் என்றும் அவை கேட்பதில்லை. மனிதர் வகுத்த விதிகளே அவ்வேறுபாடுகளைப் பார்த்து, ஓர் அரிய அறிவை வாயிலில் நிறுத்தி வைத்தன. எர்லாங்கன், கோட்டிங்கன், பிரின் மார் என எம்மி அம்மையாருக்கு ஊர்கள் மாறின. ஊதியம் இல்லாமையும், பெயர் மறைப்பும், நாடு கடத்தலும் மாறி மாறி வந்தன. அத்துணை மாற்றத்திலும் அவருடைய கல்விக் காதலும், கற்பிக்கும் அன்பும் கூடாமலும் குறையாமலும் நின்றன.